கடல் பக்கத்துச் சுவர்

எங்கள் மருத்துவமனையின் எண்பதாம் ஆண்டு மலரில் இந்தச் சம்பவம் இல்லை. முதலில் இருந்தது. நான்தான் எழுதினேன். அச்சுக்குப் போவதற்கு முந்தின நாள் நானே போய் அந்த இரண்டு பக்கத்தையும் உருவிக்கொண்டு வந்துவிட்டேன். ஏன் உருவினேன் என்று கடைசியில் சொல்கிறேன். எங்கள் ஊர்க்காரர் யாரும் இதைப் படிக்கப் போவதில்லை என்ற தைரியத்தில்தான் உங்களிடம் சொல்கிறேன்.

இது கட்டுக்கதை இல்லை. நான் இருபது வருஷத்துக்கு மேலாக நர்ஸ். செத்தவர்களைக் குளிப்பாட்டியிருக்கிறேன். பிணவறை இல்லாத இடத்தில் பிணத்துக்குப் பக்கத்திலேயே படுத்துக் குறட்டை விட்டிருக்கிறேன். யாராவது பேய், பிசாசு என்று ஆரம்பித்தால் பாக்கைத் துப்பிவிட்டு எழுந்து போகிற ஆள். அப்படிப்பட்ட எனக்கு நடந்தது. அதுவும் பட்டப்பகலில்... பகல் என்று சொல்லக்கூடிய வெளிச்சம் அன்று இல்லை என்பது வேறு விஷயம்.

என் பெயர் ஹெஸ்ரோன். சாலமன் தீவுகளில் ஒரு காயலோரம் எங்கள் ஊர். ஊர் முனையில் ஐரிஸ் டன்வுடி நினைவு மருத்துவமனை. அந்தப் பெயர் எங்கள் வாயில் நுழையாது, 'நினைவு' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம். ஐரிஸ் என்பவள் மிஷன் டாக்டரின் மனைவி. வந்து இறங்கிய இரண்டாம் வருஷமே காய்ச்சலில் போய்விட்டாள். டாக்டர் அழுது முடித்துவிட்டு, பவளக்கல்லை அடுக்கிச் சுண்ணாம்பு பூசி, நாலு அறையில் இந்த ஆஸ்பத்திரியைக் கட்டினார். பின்னாலேயே நர்ஸ் பள்ளிக்கூடம். முதல் வகுப்பில் ஆறு பெண்கள், ஒரு பையன்.

பிறகு உலக யுத்தம் வந்தது. டாக்டரைக் கப்பல் வந்து ஏற்றிக்கொண்டு போனது. நோயாளிகளை அந்தப் பெண்கள் முதுகில் சுமந்து மலைக்காட்டுக்குள் கொண்டுபோனார்கள். திரும்பி வந்து பார்த்தால் கூரை இல்லை, கதவு இல்லை, குண்டு விழுந்து மூன்று பக்கச் சுவர் இல்லை. மிச்சம் இருந்தது கடல் பக்கத்துச் சுவர் மட்டும். அமெரிக்கப் பட்டாளம் விட்டுப்போன தகரத்தை அதன்மேல் சாய்த்து மறுபடி ஆரம்பித்தார்கள். பள்ளிக்கூடமும் நடந்தது. நானும் அங்கே படித்தவன்தான். அப்புறம் பள்ளிக்கூடத்தைத் தலைநகர் ஹோனியாராவுக்கு மாற்றிவிட்டார்கள். மாணவிகள் விடுதியில் இப்போது சர்ச்சின் சிமெண்ட் மூட்டைகள் கிடக்கின்றன. கடைசி டாக்டர் மாற்றலாகிப் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. 'டாக்டர் அடுத்த கப்பல்ல வர்றாரு' என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஜோக்.

அந்தப் பழைய சுவர் நிற்கிற அறைதான் இன்றைக்குப் பிரசவ அறை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அன்று நான் நின்ற நிலை உங்களுக்குக் கோழைத்தனமாகத் தெரியும். எங்கள் ஆட்களில் அண்ணன் தங்கை உறவு நெருப்பு மாதிரி. தங்கை படுத்த பாயில் அண்ணன் உட்கார மாட்டான். அவளுடைய பிள்ளைப்பேற்றைப் பற்றி அவன் காதில் ஒரு சொல் விழக்கூடாது. அவன் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் அவள் காதில் விழுந்துவிட்டால் தீர்ந்தது. அந்த வெட்கம் இரண்டு பேரும் சாகும்வரை போகாது. கூடப் பிறந்தவள் மட்டும் இல்லை, ஒன்றுவிட்டவள், இரண்டுவிட்டவள் எல்லோரும் தங்கைதான். அதனால் எங்கள் ஊர் ஆண் நர்ஸ், பிரசவத்துக்கு வருகிற பெண்ணின் நாடியை முதலில் பிடிப்பதில்லை. 'நீ எந்த வம்சம்?' என்று கேட்பான். தங்கை முறை என்றால் வாயை மூடிக்கொண்டு வெளியே போவான், ஒரு பெண் நர்ஸ் உள்ளே போவாள். எப்போதும் ஒரு பெண் நர்ஸ் இருப்பாள்.

அன்று இல்லை.

எட்டு வருஷத்துக்கு முன்னால், ஜனவரி மாதம். புயல் சுற்றிக்கொண்டே இருந்தது. மருந்து வாங்க டவுனுக்குப் போன எங்கள் பேறுகால நர்ஸ் படகு கிடைக்காமல் அங்கேயே மாட்டிக்கொண்டாள். ரத்தப்போக்கை நிறுத்துகிற ஊசி தீர்ந்துபோயிருந்தது, அதை வாங்கத்தான் அவள் போனதே. டவுனைக் கூப்பிடுகிற ரேடியோவில் இரைச்சலைத் தவிர ஒன்றும் வரவில்லை. மதியமே இருட்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் நானும் ஜெமைமாவும் மட்டும். ஜெமைமா வேற்றுத் தீவுப் பெண், உதவியாள். தரை துடைப்பாள், கட்டுப் போடுவாள், எந்நேரமும் பாக்கு மெல்லுவாள், எதற்கும் சள்ளென்று விழுவாள். பிரசவம் பார்த்தது கிடையாது.

மணி மூன்று இருபது. காஸ்பர் மழைக்குள்ளிருந்து வந்தான். என் தங்கை நோயலினின் புருஷன். அவளைத் தாழம்பாயோடு சுருட்டித் தூக்கிக்கொண்டு வந்திருந்தான். அவள் மார்மேல் துணிக்குள் ஒரு குழந்தை.

"மச்சான், பிள்ளை பிறந்துடுச்சு. ரத்தம் நிக்கல மச்சான்."

பாயின் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பார்த்த அளவே போதும். அதற்கு முன்னால் அந்த நிறத்தில் நனைந்த பாயைப் பல தடவை பார்த்திருந்தேன். அதில் வந்தவர்கள் பிழைத்தது ரொம்பக் குறைவு.

மலையடி ஊரில் வேலையை விட்டு நின்ற பழைய நர்ஸ் ஒருத்தி இருந்தாள். அவளைத் தூக்கிக்கொண்டாவது வா என்று காஸ்பரை விரட்டினேன். ஓடினான். வழியில் மரம் விழுந்து கிடந்தது, அவன் திரும்பி வந்தபோது ஆறு மணி. அது எனக்கு அப்போது தெரியாது.

ஜெமைமா நோயலினைப் பிரசவ அறையில் படுக்கவைத்துவிட்டு வெளியே வந்தாள். பாக்கைத் துப்பியிருந்தாள். அவள் பாக்கைத் துப்பி அன்றுதான் பார்த்தேன்.

"அண்ணே, எனக்கு இது தெரியாது."

தரையைப் பார்த்தபடி அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னேன். வயிற்றைத் தேய்க்க வேண்டும், கருப்பை கல் மாதிரி இறுகுகிறவரை தேய்க்க வேண்டும் என்று. என் தங்கையைப் பற்றி இன்னொருத்தியிடம் அதைச் சொல்லவே என் காது சுட்டது. அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பிளைவுட் கதவு. நான் நடையில் நின்றேன்.

உள்ளேயிருந்து நோயலின் குரல். பலவீனமாக, ஆனால் தெளிவாகக் கேட்டது.

"அண்ணன் வெளியில நிக்கிறாரா? போகச் சொல்லு. நான் செத்தாலும் பரவாயில்ல... அவர் காதுல விழக் கூடாது."

அதற்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் மழை எப்படி விழும் தெரியுமா? லாரியிலிருந்து கருங்கல் ஜல்லியைக் கொட்டுவது போல. பக்கத்தில் நிற்பவன் பேசினால் கேட்காது. தொண்டை கிழியக் கத்தினால்தான் உண்டு.

ஜெமைமா அப்படித்தான் கத்தினாள்.

"அண்ணே, இறுக மாட்டேங்குது. கையை எடுத்தா கொட்டுது. அடுத்து என்ன?"

அடுத்து என்ன என்று எனக்குத் தெரியும். உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். மாணவர்களுக்குப் பாடமாக எடுத்திருக்கிறேன். ஆனால் அதைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். கத்த வேண்டும். அவள் உடம்பைப் பற்றி, அவள் காது கேட்க, ஒவ்வொன்றாக. ஜெமைமாவை வெளியே கூப்பிடவும் முடியாது, கையை எடுத்தால் ரத்தம் கொட்டும்.

நான் விடுதியில் படித்த நாளில் நோயலின் சின்னப் பெண். அம்மா கொடுத்தனுப்பும் வள்ளிக்கிழங்கை இலையில் கட்டிக் கொண்டுவந்து படியில் வைப்பாள். என்னைக் கூப்பிட மாட்டாள், முகத்தைப் பார்க்க மாட்டாள். வைத்துவிட்டு ஓடிவிடுவாள். கிழங்கு எப்போதும் சூடாகவே இருக்கும். எங்கள் பாசம் அவ்வளவுதான், அப்படித்தான். அவளைப் போல என்னை மதித்தவர்கள் உலகத்தில் யாரும் இல்லை.

"அண்ணே. அடுத்து என்னன்னு கேக்குறேன்."

கதவுப் பிடியைப் பிடித்தேன். விட்டேன். மறுபடி பிடித்தேன். அழுதுகொண்டிருந்தேன் என்பது மூக்கு ஒழுகிய பிறகுதான் தெரிந்தது. என்னை வெறுக்கட்டும், என் மூஞ்சியில் முழிக்காமலே இருக்கட்டும், உயிரோடு இருந்தால் போதும் என்று முடிவு செய்தேன். மணி மூன்று நாற்பத்தேழு. சுவர்க் கடிகாரம் எனக்கு நேர் எதிரே இருந்தது.

மூச்சை இழுத்தேன். வாயைத் திறந்தேன்.

உள்ளேயிருந்து ஒரு ஆண் குரல் கேட்டது.

"தங்கச்சி... நான் சொல்லட்டுமா?"

அது என் குரல்.

நான் பேசவில்லை. கையை வாயில் வைத்துப் பார்த்தேன். உதடு மூடியிருந்தது. எப்போது மூடினேன் என்று தெரியவில்லை.

மழை அப்படியே கொட்டிக்கொண்டுதான் இருந்தது. ஜெமைமா தொண்டை கிழியக் கத்தியே பாதிதான் கேட்டது. இந்தக் குரல் கத்தவில்லை. மெதுவாகப் பேசியது. ஒவ்வொரு எழுத்தும் கேட்டது...

"தங்கச்சி... நான் சொல்லட்டுமா?"

நோயலின் பதில் சொல்லவில்லை. ஜெமைமாதான் சள்ளென்று விழுந்தாள்.

"சொல்லுங்கண்ணே. இதைப் போயி கேட்டுக்கிட்டா இருப்பாங்க?"

யாரோ நீளமாக மூச்சு விடுகிற சத்தம். ரொம்ப நாளாக அடக்கி வைத்திருந்த மூச்சு.

பிறகு அது சொல்ல ஆரம்பித்தது.

அந்த வார்த்தைகளை இங்கே எழுத மாட்டேன். இப்போதும் என்னால் முடியாது. ஒரு நர்ஸ் சொல்ல வேண்டியது எல்லாம், வரிசை தப்பாமல், நான் எப்படிச் சொல்ல நினைத்தேனோ அப்படியே வந்தது. கையை எங்கே வைக்க வேண்டும், எப்படி மடக்க வேண்டும், எவ்வளவு அழுத்த வேண்டும், குழந்தையை எங்கே போட வேண்டும்... எல்லாம்.

இரண்டே இரண்டு இடத்தில் மட்டும் இடித்தது.

"கையைச் சாம்பல் போட்டுக் கழுவிக்கோ" என்றது. எங்களிடம் சோப்பு இருக்கிறது.

"அடுப்படிக் கல்லு ரெண்டை எடுத்துக் கட்டில் கால்மாட்டுல முட்டுக் கொடு" என்றது. எங்கள் கட்டிலின் கால்மாட்டை உயர்த்தச் சுழற்றுகிற பிடி இருக்கிறது.

நானாக இருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்.

நடையில் என்னைத் தவிர யாரும் இல்லை. அந்த அறைக்கு ஒரே கதவு. அந்தக் கதவின் பிடி என் கையில்.

குரல் வந்தது எதிர்ப் பக்கத்திலிருந்து.

கடல் பக்கம்.

கதவைத் திறக்க வேண்டும் என்று நினைத்தேன். கை வரவில்லை.

குரல் நின்றது.

அப்போது மணி அடித்தது...

டங்.

டங்.

டங்.

டங்.

முற்றத்தில் தொங்குகிற பழைய பீரங்கிக் குண்டின் கூடு. நாலு மணிக்கு ஷிப்ட் மாறும்போது மாணவிகள் அடிப்பது. பள்ளிக்கூடம் போன பிறகு அதை யாரும் அடிப்பதில்லை. காற்று ஆட்டியிருக்கலாம். ஆனால் காற்று நிதானமாக நாலு தடவை அடித்துவிட்டு நிறுத்துமா என்று எனக்குத் தெரியாது.

கதவு திறந்தது. ஜெமைமா முழங்கைவரை சிவப்பாக நின்றாள்.

"நின்னுடுச்சுண்ணே" என்றாள். "நீங்க எந்தப் பக்கத்துல இருந்து பேசினீங்க? புயல்ல வெளியில போயா நின்னீங்க?"

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு அவள் தரையைத் துடைத்தாள். ரத்தம் ஒரு பக்கம் இருந்தது. கடல் பக்கத்துச் சுவரின் மூலையில் மட்டும் தண்ணீர் தேங்கியிருந்தது. கூரை ஒழுகுகிறது என்று நினைத்து மேலே பார்த்திருக்கிறாள். தகரம் காய்ந்திருந்தது, சுவரும் காய்ந்திருந்தது. விரலைத் தொட்டு நாக்கில் வைத்தாளாம். உப்பு என்றாள்.

நோயலின் பிழைத்துக்கொண்டாள். நாலாம் நாள் காஸ்பர் அவளைக் கூட்டிக்கொண்டு போனான். படகில் ஏற்றிவிட்டுத் திரும்ப வந்து என்னிடம் தனியாகப் பேசினான்.

"மச்சான், உயிரைக் காப்பாத்திக் கொடுத்தீங்க. மறக்க மாட்டேன். ஆனா அவ காது கேக்க அதெல்லாம் பேசிட்டீங்களே. இனிமே அவ உங்க முன்னாடி வர மாட்டா. கோவம் இல்ல மச்சான், வெக்கம். புரிஞ்சுக்குங்க."

நான் பேசவில்லை என்று சொன்னேன். சத்தியம் செய்தேன். அவன் பாவமாகப் பார்த்தான். ஜெமைமாவைக் கூப்பிட்டுக் கேட்டால் அவளும் என் குரல்தான் என்கிறாள். என் பக்கம் சாட்சி சொல்ல ஆள் இல்லை. நான் சொல்லாத வார்த்தைக்கு என் தங்கையை இழந்தேன். அன்றைக்குப் பிறகு பிரசவம் பார்ப்பதையே விட்டுவிட்டேன். ஏழு வருஷத்துக்கு மேல் அவள் என் வீட்டுப் பக்கம் வரவில்லை. அம்மா சாவுக்கு வந்தவள், நான் வந்ததும் பின்வாசல் வழியே போய்விட்டாள். அவள் பெண் வளர்ந்ததையும் அடுத்தது பையன் பிறந்ததையும் மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். சில நாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

இந்த வருஷம் எண்பதாம் ஆண்டு விழா. பாதிரியார் தலைமையில் ஒரு கமிட்டி போட்டு, ஆஸ்பத்திரி வரலாற்றை எழுது என்று என் தலையில் கட்டினார்கள். நர்ஸ் பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வுபெற்ற ஓல்கா டீச்சரைப் போய்ப் பார்த்தேன். அவர்களுடைய அம்மா முதல் வகுப்பின் ஆறு பெண்களில் ஒருத்தி. முதல் வகுப்பில் ஒரு பையன் இருந்தானே, அப்புறம் ஏன் நாற்பது வருஷம் பையன்களையே சேர்க்கவில்லை என்று சாதாரணமாகத்தான் கேட்டேன். டீச்சர், ஆம்பிளைகிட்ட இதைச் சொல்லக் கூடாது என்று ஆரம்பித்துச் சொல்லிவிட்டார்கள்.

அந்தப் பையன் பெயர் மாயெலா. வகுப்பில் அவன்தான் கெட்டிக்காரன். டாக்டர் வேறு தீவுக்குப் போயிருந்த ஒரு மழை நாளில் அவன் தங்கையைக் கொண்டுவந்தார்கள். இதே ரத்தப்போக்கு. உள்ளே இருந்தது டீச்சரின் அம்மா ஒருத்திதான், படிக்க வந்து இரண்டு மாதம் ஆன பெண். மாயெலா வெளியே, மழையில், கடல் பக்கத்துச் சுவரை ஒட்டி நின்றான். என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். தங்கை சம்மதம் கொடுக்காமல் வாயைத் திறக்கப் பயந்தான். சுவர் வழியாகக் கேட்டான். 'தங்கச்சி, நான் சொல்லட்டுமா?' பதில் இல்லை. வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக் காத்திருந்தான். மறுபடி கேட்டான். நாலு மணி அடிக்கிறவரை கேட்டுக்கொண்டே இருந்தான்.

அவன் முதல் தடவை கேட்டபோதே அவள் செத்துப் போயிருந்தாள். அதை அவனிடம் சொல்ல உள்ளே இருந்த பெண்ணுக்குத் தைரியம் வரவில்லை.

தெரிந்ததும் மாயெலா நேராகக் கடலுக்குள் நடந்தான். திரும்பி வரவில்லை.

கேட்டு முடித்ததும் எனக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் வந்தது. சந்தோஷமும் வந்தது என்றால் நம்புவீர்களா? கடைசியில் எனக்கு ஒரு சாட்சி கிடைத்துவிட்டான். எல்லாவற்றையும் மலரில் எழுதினேன். விழா அன்று அந்தச் சுவர் முன்னால் ஜெபம் செய்து அவனை அனுப்பிவைக்க வேண்டும் என்று பாதிரியாரிடம் பேசி ஏற்பாடும் செய்தேன். ஊரறிய ஜெபம் நடந்தால் என் தங்கைக்குத் தெரியவரும், அந்த வார்த்தைகள் என்னுடையவை இல்லை என்று.

விழாவுக்கு நாலு நாள் முன்னால், நோயாளிகளின் சொந்தக்காரர்கள் சமைக்கிற கொட்டகையில் தனியாக உட்கார்ந்திருந்தேன். பின்னால் யாரோ பாயைப் போட்டு உட்கார்ந்தார்கள். எனக்கு முதுகைக் காட்டி. இலை வாசனையும் சுட்ட கிழங்கு வாசனையும் வந்தது.

"அண்ணே, திரும்பாதீங்க."

எட்டு வருஷம் கழித்து அந்தக் குரல். நான் திரும்பவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

அது நான் இல்லை என்று தனக்குத் தெரியும் என்றாள். இரண்டாவது பிரசவத்தில் தெரிந்துகொண்டாளாம். நான் அப்போது பயிற்சிக்காக ஹோனியாராவில் இருந்தேன். இங்கே அதே அறை, அதே குரல். என் குரல்.

"உங்க குரல்தான். ஆனா உங்களுக்கு ஏதுண்ணே அவ்வளவு பொறுமை? நீங்களா இருந்திருந்தா ஜெமைமாவைக் கத்தியே கொன்னிருப்பீங்க."

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா அந்த ரூமைப் பத்திப் பேசணும். உங்ககிட்ட எப்படிப் பேசுறது?"

பிறகு சொன்னாள். முதல் தடவையே அவள் அவனைப் பார்த்திருக்கிறாள். மூலையில், அவளுக்கு முதுகைக் காட்டி, முகத்தைச் சுவரோடு ஒட்டிவைத்து நின்றிருக்கிறான். படுத்திருந்த அவள் கண்ணுக்கு மட்டும்தான் தெரிந்தானாம், ஜெமைமாவுக்குத் தெரியவில்லை. வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நான்தான் மழையில் நனைந்து வந்து, அவளைப் பார்க்கக் கூடாதென்று அப்படி நிற்கிறேன் என்று நினைத்திருக்கிறாள். ஒரு தடவைகூட அவன் திரும்பவில்லை.

"எல்லாருக்கும் அப்படித்தாண்ணே. அன்னிக்கு ஜெமைமா சொல்லச் சொன்னாள்ல, அதுலருந்து. ரத்தம் நிக்காம யாரு படுத்தாலும் வர்றான். அவளவளுக்கு அவளவ அண்ணன் குரல். பொம்பளைங்க எல்லாருக்கும் தெரியும். ஆம்பிளைங்களுக்குத்தான் தெரியாது."

இந்த ஏழெட்டு வருஷமாக எங்கள் பிரசவ அறையில் ரத்தப்போக்கில் ஒரு பெண்கூடச் சாகவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மருந்து இல்லை, டாக்டர் இல்லை. கடவுள் புண்ணியம் என்று நானே மலரில் எழுதியிருந்தேன்.

"ஜெபத்தை நிறுத்துங்கண்ணே."

"அவன் பாவம் இல்லையா?" என்றேன்.

"பாவந்தான். ரத்தம் நின்னதும் ஒவ்வொரு தடவையும் கேக்குறான். 'தங்கச்சி, நான் இப்போ போகலாமா?'ன்னு. நாங்க யாரும் பதில் சொல்றதில்ல. பேசி வச்சிருக்கோம்." பாய்மேல் எதையோ எடுத்து வைக்கிற சத்தம் கேட்டது. "டாக்டர் வரட்டும். வந்த அன்னிக்கு நானே போயி சொல்றேன்."

எழுந்து போய்விட்டாள். திரும்பிப் பார்த்தேன். பாய்மேல் இலையில் கட்டிய கிழங்கு இருந்தது. சூடாக இருந்தது.

மறுநாள் மலரிலிருந்து இரண்டு பக்கத்தை உருவினேன். பாதிரியாரிடம் போய், நான் எழுதியதெல்லாம் கிழவிக் கதை, ஜெபம் வேண்டாம் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது கடல் பக்கமாக நடந்தேன். காற்று இல்லை. காயல் தட்டையாகக் கிடந்தது. பிரசவ அறை காலி, நானே பூட்டியிருந்தேன். அந்தச் சுவரைத் தாண்டும்போது உள்ளேயிருந்து கேட்டது. மெதுவாக. என் குரலில்.

"தங்கச்சி... நான் இப்போ போகலாமா?"

என் குரலில் அவ்வளவு கெஞ்சலை நான் கேட்டதில்லை.

நின்றேன். 'போ' என்று ஒரு சொல். சொல்லக் கூடாது என்று எனக்கு எந்தத் தடையும் இல்லை. வாயைத் திறந்தேன்.

சமையல் கொட்டகையில் ஒரு பெண் வலிக்காகக் காத்திருந்தாள். அக்கரையிலிருந்து காலையில்தான் வந்தவள், தலைப்பிரசவம். வயிற்றைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்து கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.